மின்சாரம் தாக்கவில்லை

"மின்சாரம் தாக்கிக் குடும்பஸ்தர் பலி."

பத்திரிகையில் இருந்த காலத்தில் இந்தத் தலைப்பை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்பதற்கு என்னிடம் கணக்கில்லை. பிரதேசச் செய்தியாளர் தொலைபேசியில் நான்கு வரி சொல்வார். பெயர், வயது, ஊர், எத்தனை பிள்ளைகளின் தந்தை என்ற விபரம். திடீர் மரண விசாரணை அதிகாரி விசாரணை நடத்தினார். சடலம் உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டது. மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர். உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தியில் இரண்டு அங்குல இடம் கிடைக்கும். விளம்பரம் வந்துவிட்டால் அதுவும் கிடைக்காது.

அந்தத் தலைப்பின் இலக்கணத்தை நான் ஒருநாளும் யோசித்ததில்லை. தாக்கியது யார்? மின்சாரம். அதாவது, தன் பாட்டில் நின்ற மனிதன் மீது எங்கிருந்தோ வந்து பாய்ந்த ஒரு மிருகத்தைப் போல நாங்கள் மின்சாரத்தை எழுதிவந்தோம். அவர் கையில் இருந்த கருவி எது, அதன் வயர் எந்த நிலையில் இருந்தது, வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருந்ததா என்று ஒரு செய்தியாளரிடமும் நான் திருப்பிக் கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்று எனக்குக் கற்பித்தது பத்திரிகை அல்ல. ஓய்வுபெற்ற பின்னர் என் வீட்டு விறாந்தையில் நடந்த ஒரு சம்பவம்தான்.

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தை இலங்கையில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எரிபொருள் இல்லை, எரிவாயு இல்லை, மின்சாரமும் இல்லை. அந்த மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீண்டது. மின்சாரம் இருக்கும் சில மணித்தியாலங்களுக்குள் எல்லா வேலையையும் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் இருந்தது. எனக்கும் இருந்தது. எங்கள் வீட்டுப் படலையின் இரும்புப் பிணைச்சல் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. அதை வெட்டி எடுப்பதற்காகக் கிரைண்டரை எடுத்தேன்.

அந்தக் கிரைண்டர் ஜேர்மனியில் இருக்கும் என் மருமகன் சில வருடங்கள் பாவித்துவிட்டு, ஊருக்கு வந்தபோது எனக்குத் தந்துவிட்டுப் போனது. அங்குள்ளவர்கள் இந்தக் கருவியை எந்த நிறுவனம் செய்திருந்தாலும் 'பிளெக்ஸ்' என்றுதான் சொல்வார்கள். 1954இல் அதிவேகக் கோணக் கிரைண்டரை முதலில் செய்து விற்ற ஜேர்மன் நிறுவனத்தின் வணிகப் பெயர் அது. 115 மில்லிமீற்றர் தகடு போடும் சிறிய கருவி. தகட்டை அரைவட்டமாக மறைக்கும் இரும்புக் காப்பு மூடி ஒன்று அதனுடன் வந்தது. படலையின் மூலைக்குள் தகடு போகவில்லை என்பதற்காக அந்த மூடியை நான் கழற்றி ஒரு டப்பாவுக்குள் போட்டிருந்தேன். அது நடந்து ஒரு வருடம் இருக்கும். அதன் பின்னர் மூடியைத் திருப்பிப் பூட்டவில்லை.

பாதி வெட்டிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றது. கருவியை விறாந்தை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனேன். சுவிட்ச் முன்னே தள்ளிப் பூட்டிய நிலையிலேயே இருந்தது. பிளக்கும் சுவரில் இருந்தபடியே இருந்தது. தேநீர் குடித்தேன், வானொலி கேட்டேன், வெக்கையில் கண்ணயர்ந்தும் போனேன்.

பக்கத்து வீட்டுச் சிறுமிக்கு அப்போது ஒன்பது வயது. அவர்களுடைய வீட்டுக்குள் வெளிச்சம் போதாது. எங்கள் விறாந்தையில் மாலை வெயில் நன்றாக விழும். அதனால் அவள் கொப்பியைக் கொண்டுவந்து அந்த மேசையோடு கிடந்த கதிரையில் இருந்து வீட்டுப்பாடம் செய்வது வழக்கம். அன்றும் வந்திருக்கிறாள். நான் அறியவில்லை. தாய் கூப்பிட்டதும் எழுந்து ஓடியிருக்கிறாள். அவள் படலையைத் தாண்டுவதற்கு முன்னர் மின்சாரம் வந்தது.

நான் சத்தம் கேட்டு ஓடிவந்தபோது கிரைண்டர் மேசையிலிருந்து துள்ளிச் சுவரில் அடித்து, நிலத்தில் விழுந்து, தன் வயரைத் தானே சுற்றிக்கொண்டு சுழன்றுகொண்டிருந்தது. பிரதான சுவிட்சை அணைத்த பின்னர்தான் அருகில் போக முடிந்தது. தகடு மூன்றாக உடைந்திருந்தது. ஒரு துண்டு கூரைக்குப் போயிருந்தது. இன்னொன்று முற்றத்தில் கிடந்தது. மூன்றாவது துண்டு சிறுமி இருந்த கதிரையின் முதுகுப் பலகையில் செருகி நின்றது. கொப்பி மேசையில் திறந்தபடி கிடந்தது. கூட்டல் கணக்கு ஒன்று பாதியில் நின்றிருந்தது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவள் ஒரு நிமிடம் பிந்தியிருந்தால் மறுநாள் பத்திரிகையில் என்ன வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். "கருவி வெடித்துச் சிறுமி பலி." அந்த வரியிலும் எழுவாய் கருவியாகத்தான் இருந்திருக்கும். நான் எங்கும் இருந்திருக்க மாட்டேன்.

ஒப்புநோக்குநராகவும் சில காலம் இருந்தவன் நான். பிழை திருத்துபவனுக்குரிய பழக்கத்தில் மறுநாள் ஒரு கடதாசியை எடுத்து என் பிழைகளை வரிசையாக எழுதினேன். காப்பு மூடியைக் கழற்றியது ஒன்று. மின்சாரம் நின்றபோது சுவிட்சை அணைக்காதது இரண்டு. பிளக்கை இழுக்காமல் எழுந்து போனது மூன்று. நான்காவது, தகட்டின் நடுவில் உள்ள உலோக வளையத்தை வாசித்தபோதுதான் தெரிந்தது. அதில் மாதமும் ஆண்டும் பொறித்திருந்தன. 2019உடன் அதன் பாவனைக் காலம் முடிந்திருந்தது. இரும்பு வெட்டும் இந்தத் தகடுகள் இரும்பால் ஆனவை அல்ல. அரத்தூளைப் பிசினால் ஒட்டி, உள்ளே வலை வைத்து அழுத்திச் செய்தவை. நாள் போக, ஈரம் பட, அந்தப் பிசின் பலமிழக்கும். பொதுவாகச் செய்த நாளிலிருந்து மூன்று வருடங்களுக்குத்தான் பாவிக்கலாம். பாண் பொதியின் திகதியைப் பார்த்து வாங்கும் எனக்கு, மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேல் சுழலும் பொருளுக்கும் திகதி உண்டு என்பது தெரிந்திருக்கவில்லை.

200 என்பது மிகைப்படுத்தல் அல்ல. கணக்கைப் போட்டுப் பாருங்கள். 115 மில்லிமீற்றர் தகட்டின் சுற்றளவு ஏறக்குறைய 36 சென்ரிமீற்றர். கருவி நிமிடத்துக்கு 11,000 தடவை சுழல்கிறது. தகட்டின் விளிம்பு வினாடிக்கு 66 மீற்றர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 238 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. யாழ்தேவி ஒருநாளும் எட்டாத வேகம் அது. தகட்டில் வினாடிக்கு 80 மீற்றர் என்று எல்லை அச்சிட்டிருப்பார்கள். சிலர் மூடியைக் கழற்றிவிட்டு இதே சிறிய கருவியில் 180 மில்லிமீற்றர் தகட்டைப் பூட்டுகிறார்கள். அப்போது விளிம்பின் வேகம் வினாடிக்கு 103 மீற்றரைத் தாண்டிவிடும். மூடி வெறுமனே பொறியை மறைப்பதற்கு வைத்ததல்ல. பெரிய தகட்டைப் பூட்ட விடாமல் தடுப்பதும் அதுதான்.

கிரைண்டரைத் திருத்துவிக்க எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் ஓடாவியாரிடம் போனேன். என்னிலும் ஏழெட்டு வயது மூத்தவர். கருவியைக் கையில் வாங்கியதும் அவர் கேட்ட முதற் கேள்வி, "மூடி எங்கை தம்பி?" என்பதுதான். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் இடது கையை மேசை மேல் விரித்து வைத்தார். சுட்டுவிரலும் நடுவிரலும் பாதியுடன் நின்றன. பல வருடங்களாகப் பார்த்த கைதான். எப்படி நடந்தது என்று அன்றுவரை நான் கேட்டதில்லை.

தகப்பனாரிடம் தொழில் பழகியவர் அவர். 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றபோது ஊரே ஜாம் போத்தல் விளக்குக்குத் திரும்பியது. தச்சுப் பட்டறைகள் கைவாளோடும் சீவுளியோடும் உளியோடும் தொடர்ந்தன. 2002இல் ஏ-9 பாதை திறந்தபோது கொழும்பிலிருந்து லொறிகளில் மின்கருவிகள் வந்து இறங்கின. அவரும் ஒரு மேசை வாள் வாங்கினார். 2004இல் ஒரு வேப்பம் பலகையை நீளத்துக்குப் பிளந்துகொண்டிருந்தபோது விரல்கள் போயின.

"கைவாளிலை முப்பத்தைஞ்சு வருசம் வேலை செய்தனான். கீறல் காயம் கனக்க. ஆனா ஒரு விரலும் போகேல்லை. மிசின் வந்து ரண்டு வருசத்திலை ரண்டு விரல்" என்றார்.

பின்னர் அவர் சொன்னதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. "அப்பர் எனக்கு உளி பழக்கேக்கை முதல் ஆறு மாசமும் தீட்டத்தான் விட்டவர். மரத்திலை கைவைக்க விடேல்லை. மிசினை ஆர் பழக்கினது? கடைக்காரன் பெட்டியைத் தந்தான். நான் காசைக் குடுத்தன்."

கைக்கருவிகளுக்கு எங்களிடம் ஒரு பரம்பரை இருந்தது. எந்தப் பக்கம் நிற்பது, எந்த விரலை மடக்குவது, எப்போது தீட்டுவது என்பது தகப்பனிடமிருந்து மகனுக்குப் போனது. மின்கருவிக்கு அப்படி ஒரு பரம்பரை உருவாவதற்கு அவகாசம் கிடைக்கவில்லை. வெளிச்சமே இல்லாதிருந்த வருடங்களின் பின்னர் அது ஒரே நாளில் லொறியில் வந்தது. அறிவுறுத்தற் புத்தகம் சீன மொழியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. பழக்கிவிட ஆள் இருக்கவில்லை.

அவருடைய விபத்துக்கும் காரணம் உண்டு. மேசை வாளில் சுழலும் தகட்டுக்குப் பின்னால் அதே நேர்கோட்டில் மெல்லிய இரும்புத் தகடு ஒன்று நிமிர்ந்து நிற்கும். மரத்துக்குள் இறுக்கம் இருக்கும். பிளக்கப் பிளக்க, வெட்டிய வாய் மீண்டும் மூடி வாளின் பின்பல்லைக் கவ்வ முயலும். பின்பல் மேல்நோக்கி எழுவது. கவ்வினால் பலகையை ஆளின் பக்கம் எறிந்துவிடும். பலகையைத் தள்ளிக்கொண்டிருந்த கை பிடிமானம் இழந்து வாளில் விழும். அந்த வாய் மூடாதபடி தடுப்பதற்குத்தான் பின்தகடு. அது இடைஞ்சல் என்று ஓடாவியார் கழற்றியிருந்தார். நான் மூடியைக் கழற்றிய அதே காரணம்தான்.

இவை புதிதாகக் கண்டுபிடித்த ஞானம் அல்ல. இலங்கையின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். இயந்திரங்களின் ஆபத்தான பகுதிகளை மறைத்துக் காப்பிட வேண்டும் என்று அது அன்றே சொல்லிவிட்டது. நான் வேலை செய்த அச்சகத்திலும் கடதாசி வெட்டும் பொறி ஒன்று இருந்தது. இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் கத்தி இறங்கும். மனிதன் மறப்பான், அவசரப்படுவான், பராக்குப் பார்ப்பான் என்பதை அறிந்தவன் செய்த பொறி. இரவு இரண்டு மணிக்கு நித்திரை தூங்கும் தொழிலாளியின் கைகள் அதனால்தான் தப்பின. அதைத் தினமும் பார்த்த நான், வீட்டில் மூடியைக் கழற்றி டப்பாவுக்குள் போட்டேன்.

ஓடாவியார் அன்று எனக்குப் பாடம் எடுத்தார். சாரம் உடுத்திக்கொண்டு கிரைண்டரைத் தொடக்கூடாது. சாரத்தின் தொங்கலைத் தகடு பிடித்தால் கருவி ஆளின் வயிற்றை நோக்கித்தான் வரும். துளைக்கும் கருவியிலும் மேசை வாளிலும் துணிக் கையுறை போடக்கூடாது. அது கையைக் காக்காது, கையை உள்ளே இழுக்கும். கண்ணாடி போடாமல் ஒரு வெட்டும் வெட்டக்கூடாது. பக்கக் கைபிடியைப் பூட்டி இரண்டு கையாலும் பிடிக்கவேண்டும். தகடு மாற்றுவதற்கு முன்னர் பிளக்கைச் சுவரிலிருந்து இழுத்து, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைக்கவேண்டும். புதுத் தகட்டைப் போட்டால் முகத்துக்கு நேரே பிடிக்காமல் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். மொட்டை வாள் பாதுகாப்பானது என்று நினைக்கக்கூடாது. மொட்டை வாளுக்கு ஆள் பலம் கொடுப்பான். பலம் கொடுப்பவன்தான் வழுக்குவான்.

பராமரிப்பும் இதில் அடங்கும். கருவியின் காற்றுத் துவாரங்களில் இரும்புத்தூள் அடைந்தால் மோட்டார் சூடேறும். தூள் உள்ளே படிந்தால் மின்சாரம் போகக்கூடாத இடத்துக்கு அதுவே பாலமாகும். காபன் பிரஷ் தேய்ந்தால் உள்ளே நெருப்புப் பொறி அதிகம் தெரியும், அப்போதே மாற்றவேண்டும். வயர் முதலில் வெடிப்பது கருவிக்குள் நுழையும் கழுத்தில்தான். அங்கே கறுப்பு ரேப் சுற்றிவிட்டால் வெடிப்பு மறையும், ஆபத்து மறையாது. அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புதிதாகப் பூட்டவேண்டும்.

வீட்டுக்குத் திரும்பியதும் மின்பலகையைத் திறந்தேன். ட்ரிப் சுவிட்சில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. பூட்டிய நாளிலிருந்து நான் அதைத் தொட்டதில்லை. அழுத்தினேன். விழவில்லை. மீண்டும் அழுத்தினேன். அப்போதும் விழவில்லை. பல வருடங்களாக எங்கள் சுவரில் இருந்தது ஒரு ட்ரிப் சுவிட்சின் பொம்மை மட்டுமே.

இதைச் சற்று விளக்கவேண்டும். பியூஸ் இருக்கிறதுதானே என்று பலர் நினைக்கிறார்கள். பியூஸ் காப்பது வயரை, மனிதனை அல்ல. 13 அம்பியர் பியூஸ் 13 அம்பியர் வரை தாராளமாக விடும். மனிதனைக் கொல்ல அதில் மிகச் சிறிய பங்கு போதும். வீடுகளுக்கான ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் கசிந்தாலே, வினாடியின் மூன்றிலொரு பங்குக்குள் துண்டித்துவிட வேண்டும். ஒரு 60 வாற் குமிழ் இழுப்பதில் ஒன்பதில் ஒரு பங்குதான் அந்த 30 மில்லி அம்பியர். வயர் உரிந்த கருவியைப் பிடித்தபடி ஈர நிலத்தில் நிற்கும் மனிதனுக்கும் மரணத்துக்கும் இடையில் இருப்பது இந்தப் பொறிதான். அதில் இருக்கும் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துவதற்கு ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. மறுநாளே மின்வேலைக்காரரை அழைத்து மாற்றினேன்.

வெளிநாடுகளில் இருக்கும் வாசகர்களிடம் ஒன்று சொல்லவேண்டும். ஊருக்கு வரும்போது சகோதரனுக்கோ மைத்துனனுக்கோ இப்படியான கருவிகளைக் கொண்டுவருகிறீர்கள். நல்ல மனதுடன்தான் கொண்டுவருகிறீர்கள். கனடாவில் 120 வோல்ற். இங்கே 230 வோல்ற். அங்கு வாங்கியதை இங்கே நேராகச் செருகினால் மோட்டார் வெறிகொண்டு சுழன்று எரியும். இங்கிலாந்தில் கட்டட வேலைத்தளங்களில் மஞ்சள் நிற மின்மாற்றியுடன் பாவிக்கும் கருவிகள் 110 வோல்ற். அவற்றுக்கும் இதே கதிதான். ஐரோப்பிய இரட்டை முனைப் பிளக்கை இங்குள்ள மூன்று துளைச் சுவர்ப்பிளக்குக்குள் செருகுவதற்காகப் பேனாவால் மேல் துளையை நெம்புவதை நானும் செய்திருக்கிறேன். செய்தி எழுதும் பேனா அதற்கானதல்ல. அப்படிச் செருகியது தளர்ந்து நின்று சூடேறும். பிளக்கை முறையாக மாற்றிக் கொடுங்கள். பெட்டியில் பாரம் கூடுகிறது என்று காப்பு மூடியையும் பக்கக் கைபிடியையும் வெளியே எடுத்து வைக்காதீர்கள். ஒரு சோடி பாதுகாப்புக் கண்ணாடியையும் சேர்த்து வையுங்கள்.

இன்னொன்று. பழைய அஸ்பெஸ்ரஸ் கூரைத் தகட்டைக் கிரைண்டரால் வெட்டச் சொல்லாதீர்கள். அந்தத் தூளில் இருக்கும் நுண்ணிய நார்கள் நுரையீரலுக்குள் போனால் நோய் இருபது முப்பது வருடங்கள் கழித்தும் வரும். அந்த மரணத்துக்கு எங்கள் பத்திரிகைகளில் இரண்டு அங்குல இடமும் கிடைக்காது. யாரும் அதை விபத்து என்றே எண்ணமாட்டார்கள்.

சில மாதங்களுக்கு முன்னர் முன்னாள் சக ஊழியர் ஒருவர் வேறு ஏதோ விடயமாக என்னுடன் பேசிக்கொண்டிருந்தார். அன்றைய பக்கத்துக்கு வந்த ஒரு செய்தியையும் இடையில் வாசித்துக் காட்டினார். துளைக்கும் கருவியுடன் நின்ற ஒரு குடும்பஸ்தர், மின்சாரம் தாக்கியது. கருவியின் வயர் எப்படி இருந்தது, வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்ததா என்று செய்தியாளரிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் கேட்டிருக்கிறார். வயரில் ரேப் சுற்றிய ஒட்டு இருந்தது. ட்ரிப் சுவிட்ச் அந்த வீட்டில் பூட்டப்பட்டிருக்கவில்லை. மறுநாள் செய்தியில் அந்த இரண்டு வாக்கியங்களும் வந்திருந்தன. தலைப்பு பழைய தலைப்பாகவே இருந்தது. பரவாயில்லை. அந்த இரண்டு வாக்கியங்களை வாசித்த யாரோ ஒருவர் எழுந்துபோய்த் தன் வீட்டு மின்பலகையைத் திறந்து பார்த்திருக்கலாம்.

என் கிரைண்டர் இப்போது மூடியுடன் இருக்கிறது. மூலைக்குள் போகாத இடத்தை அரத்தால் அராவுகிறேன்; நேரம் எடுக்கிறது. சிறுமி வளர்ந்துவிட்டாள். இப்போதும் அதே கதிரையில் இருந்துதான் படிக்கிறாள். முதுகுப் பலகையில் செருகிய துண்டை நான் முன்பக்கம் முனை தெரியாதபடி அராவிவிட்டேனே தவிர, பிடுங்கவில்லை. கருவிப் பெட்டியை எடுக்கப் போகும்போது அந்தக் கதிரையைத் தாண்டித்தான் போகவேண்டும்.